நோரீனின் முறை

வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, நோரீன் தன் பழைய பிக்கப் வண்டியை வில்காரா ஊர் மண்டபத்தின் வாசலை அடைத்தாற்போல் கொண்டுவந்து நிறுத்துவாள். பக்கத்திலேயே மரநிழல் இருக்கிறது, அங்கே விடமாட்டாள். எதிரே மதுக்கடைத் தாழ்வாரத்தில் நிற்கிற அத்தனை பேரும் அதைப் பார்க்க வேண்டும். பார்க்கத்தான் செய்கிறார்கள்.

"என்ன நோரீன், இன்னைக்கும் நாற்காலிங்களுக்குத்தான் பிரசங்கமா?"

"நாற்காலி உன்னை மாதிரி உளறாதுடா!" என்று சொல்லிவிட்டுப் பூட்டைத் திறப்பாள்.

வயது அறுபத்திரண்டு. ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கும் கோஷ்டிகளுக்குச் சமையல்காரி. இருபது பேருக்கான கறிச்சட்டியை ஒரு கையால் இறக்குவாள். முன்பல் ஒன்று இல்லை. பல் கட்டிக்கொள்ளச் சொன்னால், "குடியில விழுந்து போன பல்லு. ஓட்டை அப்படியே இருக்கட்டும், கண்ணாடி பாக்கிறப்பல்லாம் புத்தி வரும்" என்பாள்.

மதுக்கடையில் நாலு பேர் சேர்ந்தால் ஆளுக்கு ஒரு முறை எல்லோருக்கும் வாங்கித் தரவேண்டும். அடுத்தவன் முறையில் குடித்துவிட்டுத் தன் முறை வருமுன் நழுவுகிறவனுக்கு அந்த ஊரில் திருடனுக்கு உள்ள மரியாதைகூடக் கிடையாது. பதினோரு வருடங்களுக்கு முன் நோரீன் அதைத்தான் செய்தாள். கூடக் குடித்துக்கொண்டிருந்த கிளாரி தன் முறைக்கு வாங்கித் தந்ததைக் குடித்து முடித்தாள். அடுத்து நோரீன் முறை வந்தது. எழுந்து வெளியே போனவள் திரும்பவே இல்லை. அவள் குடித்துக் கூத்தடித்ததையெல்லாம் ஊர் மன்னித்துவிட்டது. முறை முடிக்காமல் போனதை மட்டும் மன்னிக்கவில்லை. "முறை ஏய்ச்சவ" என்ற பெயர் இன்றைக்கும் ஓடுகிறது.

அப்படி எழுந்து போன மறுநாள் காலை ஒரு எண்ணுக்குப் போன் செய்தாள். குடியை விட்டவர்கள் கூடும் கூட்டம் பக்கத்தில் எங்கே என்று கேட்டாள். நூற்றறுபது கிலோமீட்டர் என்றார்கள். குடித்துவிட்டு ஓட்டியதால் உரிமம் அப்போது பறிபோயிருந்தது. ஆடு ஏற்றிப்போன லாரியில் தொற்றிக்கொண்டு போனாள்.

"புழுக்கை நாத்தத்தோட போய் உக்காந்தேன். ஒருத்தர்கூட மூக்கைப் பொத்தலை. இவங்கதான் என் ஆளுங்கன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

இனி இந்த ஊரிலிருந்து யாரும் ஆட்டோடு ஆடாகப் போகவேண்டாம் என்று, இரண்டு வருடம் கழித்து இங்கேயே ஒரு கூட்டம் தொடங்கினாள். வந்தவர்களில் சிலர் தேறினார்கள், சிலர் ஊர் மாறிப் போனார்கள். கூட்டத்தில் முழுப்பெயர் சொல்லவேண்டாம் என்பது விதி. இருநூறு பேர் இருக்கும் ஊரில் பெயரை மறைத்து என்ன பிரயோசனம்? வாசலில் நிற்கிற வண்டியே காட்டிக்கொடுத்துவிடுமே! அதனால்தான் பெட்ரோல் பங்கில் அவள் கைப்பட எழுதிய சீட்டு தொங்குகிறது: 'வண்டியைத் தானியக் கிடங்குக்குப் பின்னால் விடவும். புல்வெளி வழியே நடந்து வரவும். பின்கதவு திறந்திருக்கும்.'

"அவனுங்க என் வண்டியையே மொறச்சுக்கிட்டு இருக்கட்டும். வர்றவங்க பின்னால வந்துருவாங்க."

ஏழு வாரமாக யாரும் வரவில்லை. இந்த வியாழனும் ஆள் வராவிட்டால் சாவியை ஒப்படைக்க வேண்டும், அறையைப் பலகையில் அம்பெறிந்து டார்ட்ஸ் ஆடுகிறவர்களுக்குக் கொடுக்கப்போகிறோம் என்று மண்டபக் குழு கடிதம் போட்டது. கையெழுத்து, குழுத் தலைவர் கிளாரி. அதே கிளாரிதான்.

"பூட்டட்டும், பாப்போம். வாசப்படியில உக்காந்து நடத்துவேன்!" என்று கடிதத்தை வைத்தே அடுப்பு பற்றவைத்தாள். வாய்தான் அப்படி. உள்ளே பயம் அரித்தது. அந்த ஒரு மணி நேரமும் போய்விட்டால், மதுக்கடைக்கும் அவளுக்கும் நடுவே ஒரு சாலை மட்டும்தான்.

அந்த வியாழனும் வழக்கம்போல் ஒன்பது நாற்காலியை வட்டமாகப் போட்டாள். தேநீர் கொதித்தது. காலையில் சுட்ட ஸ்கோன் ரொட்டிகளைத் தட்டில் அடுக்கினாள்; ஏழு வாரமாக அவற்றைத் தின்று அவள் கோழிகள் கொழுத்துப் போயிருந்தன. சரியாக ஐந்து மணிக்கு எழுந்து நின்றாள்.

"என் பேரு நோரீன். நான் ஒரு குடிநோயாளி."

"வணக்கம், நோரீன்" என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். கேட்க ஆள் இல்லை என்பதற்காகக் குரலைத் தாழ்த்தவில்லை.

கால் மணி நேரம் போயிருக்கும். பின்கதவு கிறீச்சிட்டது. கிளாரி. தொப்பி கையில் இருந்தது. முகம் மழித்து நாலு நாளாகியிருக்கும்.

"சாவி வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கால்சராய் ஓரத்திலும் காலுறையிலும் புல்விதை மொய்த்துக் கிடந்தது. கிடங்கிலிருந்து நடந்து வந்தால்தான் அவ்வளவு ஒட்டும்.

"சாவி வாங்க வர்றவன் முன்வாசல்ல வருவான், கிளாரி."

அவன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான். "எவன்கிட்டயும் சொல்லிடாத, நோரீன். அஞ்சு நிமிஷம்தான். முடியல... காலையிலயே குடிக்க ஆரம்பிச்சிடுறேன்."

நோரீன் மேசைமேல் கிடந்த சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினாள். இருப்பதிலேயே பெரிய கோப்பையை எடுத்துத் தேநீரை விளிம்புவரை ஊற்றி, அவன் கைக்கு எட்டும்படி வைத்தாள்.

"உக்காரு. இது என் முறை."