என்ன கறி?

இந்த ஊர்க் கடையில் 'கறி' என்பது விரல் நீளப் போத்தலில் அடைத்த மஞ்சள் தூள். சுவிஸுக்கு வந்து பதினொரு வருடமாகியும் அதைக் கண்டால் எனக்குச் சிரிப்புத்தான். எங்களுக்குச் சோற்றோடு சேருவதெல்லாம் கறி. கத்தரிக்காயும் கறி, கணவாயும் கறி. எங்கள் ஊர் களுவாஞ்சிக்குடியில் வேலிக்கு மேலால் எட்டி "என்ன கறி?" என்று கேட்டால், சுகமா என்று கேட்டதாக அர்த்தம். உண்மையான பதிலை யாரும் எதிர்பார்ப்பதில்லை. சட்டியில் வாவி நண்டு கொதிக்கும். வாய் "சும்மா ஒரு கறிதான்" என்னும். கண் பட்டுவிடக்கூடாதல்லவா! மணம் மட்டும் பொய் சொல்லத் தெரியாமல் நாலு வீடு போகும்.

பழக்கம் விடுமா? மாடிப்படியில் கீழ்வீட்டுப் பீற்றரைக் காணும்போதெல்லாம் என் உடைந்த ஜெர்மனில், "இன்றைக்கு என்ன சமையல்?" என்று கேட்பேன். எழுபது வயது மனிதர் பொலிசுக்கு வாக்குமூலம் கொடுப்பதுபோல நின்று, யோசித்து, "உருளைக்கிழங்கு. இரண்டு. அவித்தது" என்பார். போன கிழமை கேட்டபோது, "ஒன்றுமில்லை. மனைவி போனபின் ஒரு ஆளுக்கு எதற்குச் சமையல்?" என்றார்.

படியிலேயே நின்றுவிட்டேன். அக்காவின் கணவர், எங்கள் அத்தான், இறந்து எட்டு மாதம். ஊரில் தனியே இருக்கும் அக்காவிடம் போனில் கேட்டால் ஒருநாள் கோழிக்கறி என்கிறார், மறுநாள் இறால் கறி. அத்தான் இருந்த காலத்தில் "சும்மா ஒரு கறி"யைத் தாண்டாத வாய் அது! நானோ, ஆள் தேறிவிட்டார் என்று சந்தோசப்பட்டுக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை வீடியோவில் அழைத்தேன்.

"சட்டியக் காட்டுங்க அக்கா."

"உனக்கென்ன விசராடா? கறிச்சட்டியப் போய் ஆரும் பாப்பாங்களா?"

"காட்டுங்க."

போன் மெல்லத் திரும்பியது. சட்டி கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது. பக்கத்தில் பாதி பிரித்த பிஸ்கற் பக்கற்.

"ஒராளுக்கு என்னத்த ஆக்கிற, தம்பி?"

பீற்றரிடம் பாடம் கேட்டு வந்தவர்போல அதே வசனம்.

"நான் இஞ்ச ஆக்கிறன். நீங்களும் அடுப்பப் பத்த வையுங்க. அதுவரைக்கும் போனை வைக்கமாட்டன்."

"ஓமோ! அங்க இரிந்தும் அதிகாரமா உனக்கு?" ஏசிக்கொண்டேதான் வெங்காயத்தை எடுத்தார்.

நான் பருப்பு வைத்துவிட்டு, கீழே போய்ப் பீற்றரைக் கூட்டிவந்தேன். மனிதர் தன் முள்ளுக்கரண்டியையும் மறக்காமல் கொண்டுவந்தார்.

"என்ன கறி அக்கா?" என்றேன்.

"சும்மா ஒரு கறிதான்டா."

அப்பாடா!

என் பருப்பை நெற்றி வியர்க்க வியர்க்கப் பீற்றர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வாயூறியதெல்லாம், ஆவி படிந்து போன் திரையில் மங்கிக்கொண்டிருந்த அந்தச் சட்டிக்குத்தான்.