அரியலூர் கல்யாணத்துக்கு ஜாஸ் வாசிக்கப் போனேன்

2003 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரைக்குத் திருச்சியில் பெரம்பலூர் பஸ் ஏறினேன். போர்வை சுற்றிய கீபோர்டைப் பார்த்துக் கண்டக்டர், "உள்ள என்னங்க, இஸ்திரி மேசையா?" என்றார். எனக்கு இருபது ரூபாய், அதற்குப் பத்து.

அன்று மாலை அரியலூரில் சித்தி மகளின் கல்யாண வரவேற்பு. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை, "அக்காவுக்கு ஜாஸ் வருமா?" என்று கேட்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனைப் பாட்டு மட்டுமே வாசிக்கும் நான், வரும் என்று சொல்லிவிட்டேன். அழைப்பிதழிலும் அச்சாகிவிட்டது. ஒரு மாதம் கேசட் கேட்டும் ஒன்றும் பிடிபடவில்லை. என்னோடு வேலை பார்க்கும் மெஹர் டீச்சரின் தம்பி ஹபீப், துபாய் ஹோட்டலில் பியானோ வாசிப்பவர். வெள்ளிக்கிழமைதான் லீவில் ஊருக்கு வந்திருந்தார்; ஞாயிறு காலை வந்தால் சொல்லித் தருவதாகச் சொல்லியிருந்தார்.

பெரம்பலூரில் பஸ் மாறி, ஒன்பதரைக்கு லப்பைக்குடிக்காட்டில் அவர் வீட்டை அடைந்தேன். கீபோர்டைப் பிரித்து வைத்தபோது கரண்ட் போனது.

"பரவால்லக்கா, சத்தமில்லாமயே படிக்கலாம்" என்றார் ஹபீப். "மொத்தம் பன்னெண்டு பார். அத முடிச்சுட்டு மறுபடி முதல்லேர்ந்து."

மீன் அலசிக்கொண்டிருந்த அவர் மனைவி ஜரீனா நிமிர்ந்தார். "நம்ம வூட்ல என்ன பார் பேச்சு?"

ஒவ்வொரு பாரிலும் நாலு தட்டு என்று ஹபீப் இருவருக்கும் விளக்கினார். இடது கைக்கு, சில சுரங்களைச் சேர்த்து அழுத்தும் கார்டு மூன்றே மூன்று. வலது கைக்கு ஐந்து சுரம், அவற்றை வைத்து அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், ரெண்டிலும் நாலிலும் கை தட்ட வேண்டும். என் கை ஒன்றிலும் மூன்றிலுமே விழுந்தது.

"அக்கா, மறுபடி ஒண்ணுல வுழுந்துட்டீங்க" என்று அடுப்படியிலிருந்து ஜரீனா பத்து முறையாவது சொன்னார். சமைத்தபடியே அவர் தட்டியது ஒரு முறைகூடத் தப்பவில்லை.

ஒன்றரைக்குக் கரண்ட் வந்தது. இரண்டு மணிக்கு எனக்கு பஸ். பதினைந்து நிமிஷம் சத்தத்தோடு வாசித்தேன். "சத்தமில்லாமலே நல்லா இருந்துச்சு" என்றார் ஹபீப், வருத்தத்தோடு.

குன்னத்தில் இன்னொரு பஸ் மாறி, நாலரைக்கு அரியலூர் மண்டபம். ஏழு மணிக்கு மேடையேறினேன். நாலாவது சுற்றில் எண்ணிக்கை தப்பியது. எந்த பாரில் இருக்கிறேன் என்று தெரியாமல் எதையோ வாசித்து நிறுத்தினேன். இரண்டு பேர் கை தட்டினார்கள்.

மாப்பிள்ளை பணிவாகக் கேட்டார். "நல்லாருக்குக்கா. ஜாஸ் எப்ப ஆரம்பிப்பீங்க?"

ஓரமாக உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்த தவில்காரர் டம்ளரை வைத்துவிட்டு வந்தார். "இது எத்தனைல சுத்துதுங்க?"

"பன்னெண்டு பார். தட்டு ரெண்டுலயும் நாலுலயும்."

"அவ்வளவுதானே. நீங்க வாசிங்க, நான் எண்ணிக்கிறேன்."

நான் நாலரை மணி நேரம் திணறியது அவர் கைக்கு நாலு தட்டில் வந்துவிட்டது. ஒவ்வொரு சுற்றின் தலையிலும் தவிலைச் சற்று அழுத்தித் தட்டி எனக்கு இடம் காட்டினார். எண்ணும் கவலை விட்டதும் வலது கை தானாகவே எங்கெங்கோ போய்த் திரும்பி வந்தது. சாப்பாட்டுக் கூடத்திலிருந்து ஆட்கள் எச்சில் கையோடு எட்டிப் பார்த்தார்கள்.

மறுநாள் காலைத் திருச்சி பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பள்ளியில் பதினெட்டு வருஷமாக வாசிக்கிறேன். அடுத்து என்ன வாசிக்கப் போகிறேன் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அரியலூரில் அது எனக்கே தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள, தவிலோடு ஒரு மனிதர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.