கழற்றாத நீலச் சட்டை

அந்த நீலச் சட்டையை அக்காவின் உடம்பில் தவிர வேறெங்கும் நான் பார்த்ததில்லை. சேலைக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டி, கும்பகோணத்துக்கு வெளியே ஓர் அரிசி ஆலைக் களத்தில் அவித்த நெல்லைக் காலால் துழாவியபடி நடப்பார். ஊர் ஊராகத் திரிந்த நான் அங்கே மூட்டை தூக்கப் போய், நினைத்ததைவிட அதிக காலம் தங்கிவிட்டேன். அக்கா என்றுதான் ஆலையில் எல்லோரும் கூப்பிடுவோம்; அவருக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. டீயை வாங்கினால்கூட ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

ஆயுத பூஜைக்கு ஆலையில் புதுச் சட்டை தருவார்கள். முதுகில் ஆலையின் பெயரும் அந்த ஆண்டும் அச்சிட்டிருக்கும். பழையதை யாரும் திருப்பிக் கேட்டதில்லை. அந்த முறை ஆடியிலேயே, பழைய சட்டையைக் கொடுத்தால்தான் புதுசு என்றார் மேனேஜர். நாங்கள் வரிசையில் நின்று கொடுத்தோம்.

"கிழிஞ்ச சட்டைய வாங்கி என்ன தம்பி பண்ணப் போறான், கட்டிக்கிட்டு அழவா?" என்றார் அக்கா. மேனேஜரிடம் சட்டை ஆற்றோடு போய்விட்டது என்று சொன்னார்.

"ஆத்துல இன்னும் தண்ணியே வரலியேம்மா?"

"அதான் மணல்லயும் தேடிப் பாத்துட்டேங்க, கெடைக்கல."

புதுச் சட்டை வரவில்லை. ஆலையை மூடிவிட்டார்கள். வேலை போனவர்களுக்கு இ.எஸ்.ஐ.யில் சில மாதம் உதவித்தொகை உண்டென்று கேள்விப்பட்டுத் தஞ்சாவூருக்குப் போனோம். அக்கா வீட்டில் அடுப்பெரிய வேறு வழியில்லை. எங்கள் சம்பளத்தில் பிடித்ததை முதலாளி கட்டவே இல்லை என்பது அங்கேதான் தெரிந்தது. அந்தச் சட்டை தருவதற்கு வெகு முன்பே நாங்கள் வேலையை விட்டு நின்றுவிட்டதாகவும் எழுதிக் கொடுத்திருந்தார்.

"ஓனர் கட்டாததுக்கு உங்க பணம் நின்னுடாதும்மா. ஆனா அதுக்கப்புறமும் அங்க வேலை பாத்ததுக்கு என்ன ஆதாரம்?" என்றார் அதிகாரி.

அக்கா எழுந்து முதுகைக் காட்டினார். ஆண்டு அழியாமல் இருந்தது. சட்டையை வைத்துவிட்டுப் போகச் சொன்னார் அதிகாரி.

"கழட்டித் தர மாட்டேங்க. வேணுங்கிற மட்டும் போட்டோ புடிச்சுக்கங்க. இந்தத் தம்பியும் எங்கூடத்தான் வேலை பாத்துச்சு, அதையும் எழுதிக்கங்க."

ஆலைக்கு விசாரணை போனது. தாமதமாகத்தான் என்றாலும் பணம் வந்தது, எனக்கும் சேர்த்து. வங்கியில் கொடுத்த நோட்டை அக்கா வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் முடிந்துகொண்டார்.

இப்போது நாகப்பட்டினத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் இருக்கிறேன். கம்பெனி தந்த பழைய சட்டைகளைக் கொண்டுவந்தால் வெளுத்துத் தருவதாக நேற்று சூப்பர்வைசர் சொன்னார். என்னுடையது கடலோடு போய்விட்டது என்றேன். அதைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.