கனடா மிளகு மெசினும் கடற்கரைக் குழவியும்

எங்கள் மூத்த பிள்ளை பிறந்து, தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் குடியிருந்த கொட்டிலுக்கு வந்த அன்று மாமி என்னிடம் கேட்டது ஒன்றைத்தான். மிளகு அரைக்க ஒரு வழி பார்த்துத் தரவேண்டும். தகப்பனாகிவிட்ட மிதப்பில், அது ஒரு வேலையா, என்னிடம் விடுங்கள் என்று சொல்லிவிட்டேன். என்னிடம் விட்ட வேலைகளின் சரித்திரம் மாமிக்குத் தெரியும். அவர் கிணற்றடிப் பக்கம் பார்த்தார். அங்கே எங்கள் அம்மிக்கல், கால் கழுவும் கல்லாகக் கிடந்தது.

அது அந்த நிலைக்கு வந்ததற்கு நான்தான் காரணம். சில மாதங்களுக்கு முன் சண்டை நெருங்கி, கிளிநொச்சியை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது, ஒரு ரக்டரின் இழுவைப் பெட்டியில் எங்களுக்கும் கொஞ்சம் இடம் கிடைத்தது. சாமான் ஏற்றும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். பாரமானதை முதலில் ஏற்றவேண்டும் என்பது என் சித்தாந்தம். ஆள் பிடித்து அம்மியைத் தூக்கி ஏற்றினேன். குழவி சின்னச் சாமான்தானே, பெண்கள் எடுத்து வருவார்கள் என்று நினைத்தேன். கல்லை ஏற்றியவன் குழவியை விடுவானா என்று பெண்கள் நினைத்தார்கள். புதுக்குடியிருப்பில் வந்து இறக்கியபோது கல் இருந்தது. குழவி கிளிநொச்சியில், குசினி வாசலில், அடுப்படிக்குத் தனியே காவல் இருந்தது.

அதோடு போயிருந்தால் மன்னித்திருப்பார்கள். ஆனால் வழி முழுக்க ஒரு சாமானைத் துவாயில் சுற்றி மடியில் வைத்து நான் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தேன். கனடாவிலிருந்த அண்ணன் எங்கள் கலியாணத்துக்கு அனுப்பிய மர மிளகு மெசின் அது. கடைந்தெடுத்த இடுப்போடு, சதுரங்க ராணியைப்போல நிமிர்ந்து நிற்கும். உள்ளே மிளகைப் போட்டுத் தலையைப் பிடித்துத் திருகினால் அடியால் தூள் விழும். துவாயை அவிழ்த்தபோது மாமி அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். குழவியை விட்டுவிட்டுப் பொம்மையோடு வந்த மருமகன் என்ற பெயர் அன்று எழுந்தது. இன்றுவரை விழவில்லை.

பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் பக்கத்தில் செத்தல் மிளகாய் காட்டமாட்டார்கள். மிளகு, மல்லி, சீரகம், மஞ்சள், உள்ளி எல்லாவற்றையும் வெண்ணெய்போல அரைத்து, சின்ன மீன் போட்டு வைக்கிற சரக்குக் கறிதான். உடம்பு தேறுவதும் பால் சுரப்பதும் அதில்தான் என்பது மாமியின் உறுதி. உரலில் இடித்தால் சரக்கு கரடாகத்தான் வரும். அயலில் இருந்த இரண்டொரு அம்மிகளிலும் வருடக்கணக்கான மிளகாய் ஊறிப்போயிருந்தது. அவற்றில் அரைப்பதற்கு மாமி சம்மதிக்கவில்லை.

முதல் நாள் நான் மிளகையும் மல்லியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு சந்தையடி மில்லுக்குப் போனேன். டீசல் இல்லாத காலம். மில்காரர் எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டிக்கொண்டிருந்தார். தூள் நன்றாக வந்தது, அதோடு மண்ணெண்ணெய் மணமும் நன்றாகவே வந்தது. என் மனைவி அந்தத் தூளில் வைத்த கறிச்சோற்றில் ஒரு வாய் வைத்தாள். கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"மண்ணெண்ணெய் மணக்குது. எனக்கு வேண்டாம்."

அன்று முழுக்க வெறும் தேத்தண்ணீரோடு கிடந்தாள். முகம் வற்றிப்போயிருந்தது. பிள்ளை பால் போதாமல் அழுதது. பகிடி விடுவதற்கு எனக்கு வாய் வரவில்லை. அது என் வாழ்க்கையில் அபூர்வம்.

அடுத்த நாள் சதுரங்க ராணியை வெளியே எடுத்தேன். இந்தத் தருணத்துக்காகத்தானே அவளை மடியில் வைத்துக் காப்பாற்றினேன் என்று ஒரு பிரசங்கமும் வைத்தேன். ஒரு திருகுக்கு நாலைந்து துகள் விழுந்தது. வெள்ளைக்காரர் முட்டைக்கு மேலே தூவுகிற அளவு அது. கறிக்கு ஒரு பிடி வேண்டும். விடியத் தொடங்கி வெயில் ஏறும்வரை திருகினேன். உள்ளங்கை கொப்பளித்தது, தூள் ஒரு கரண்டி தேறவில்லை. இந்த வேகத்தில் போனால் பிள்ளை பள்ளிக்கூடம் போகிற அன்றுதான் சரக்குக் கறி வைக்கலாம் என்று மாமி சொன்னார்.

பிறகு கிணற்றடிக்குப் போய் அம்மியைக் கழுவினேன். குழவிக்குப் பதிலாக ஒரு சோடாப் போத்தலில் மண் நிரப்பி உருட்டினேன். மிளகு அரைபடாமல் நாலு திசையும் துள்ளி ஓடியது. குந்தியிருந்து பொறுக்கினேன், மறுபடி உருட்டினேன். கோழிகள் வந்து பார்த்தன. மிளகு பட்ட கையால் கண்ணைத் துடைத்துவிட்டு, கிணற்றைச் சுற்றி ஒரு நடனமும் ஆடினேன்.

அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்புக் கேட்டது. முல்லைத்தீவுக் கரையிலிருந்து எங்களைப்போலவே இடம்பெயர்ந்து வந்த வேதக்காரக் குடும்பம் ஒன்று அங்கே கொட்டில் போட்டிருந்தது. அந்த வீட்டு அக்காதான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, உதென்ன, மிளகோடை ஏதும் கோவமோ?"

கண்ணீரோடு விஷயத்தைச் சொன்னேன். போத்தலை வைத்துவிட்டு வரச் சொல்லி, தன் கொட்டிலின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். கூரைத் தார்ப்பாய்ப் படங்கு காற்றில் பறக்காமல் இருக்க அதன் நுனியில் ஒரு பாரம் கட்டியிருந்தது. கறுத்த, வழவழப்பான, அருமையான ஒரு அம்மிக்குழவி.

"நான் குழவியை வலைச் சாக்குக்குள்ளை போட்டனான். கல்லை இவர் தூக்குவார் எண்டு பாத்தால், இவர் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வாறார்."

வள்ளத்து எஞ்சின். வள்ளம் கரையிலேயே நின்றுவிட்டதாம். எஞ்சின் கொட்டிலுக்குள் சாறம் போர்த்திப் படுத்திருந்தது. அதன் பக்கத்தில் தலையைக் குனிந்தபடி கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த அவருடைய புருஷனைப் பார்த்தேன். ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கவேண்டும்போல இருந்தது. உலகத்தில் நான் தனி ஆள் இல்லை.

மழை கழுவிக் கழுவி அந்தக் குழவியில் மிளகாய் வாசமே இல்லை. மாமி மோந்து பார்த்துத்தான் ஏற்றுக்கொண்டார். அம்மியை மணலும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, குசினி வாசலில் வைத்து, குழவியை மேலே கிடத்தினோம். குழவி அம்மியைவிட ஒரு சாண் கூடுதல் நீளம். இரண்டு பக்கமும் கை நீட்டிக்கொண்டு நின்றது.

"பொருத்தம் காணாது போலை கிடக்கு" என்றார் மாமி.

"மாப்பிள்ளை கொஞ்சம் உயரம், அவ்வளவுதானேயம்மா" என்றார் அக்கா. "சாதகம் பாக்கிற நேரமே இது? பிள்ளை அழுகிறான்."

நானே அரைக்கிறேன் என்று குந்தினேன். இருவரும் சேர்ந்து என்னை எழுப்பிவிட்டார்கள். மாமி ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம், நீண்டு நின்ற குழவியை ஆளுக்கொரு முனையில் பிடித்து இழுத்தார்கள். அந்த ஒரு சாண் மிச்சம் அதற்குத்தான் வாய்த்தது போலிருந்தது. சரக்கு மஞ்சளாய், பசையாய், கல்லில் படிந்து வந்தது. களப்பில் பிடித்த சின்ன மீனை அக்காவின் புருஷன் வேலியால் நீட்டினார். எனக்குத் தந்த வேலை அடுப்பு ஊதுவது. அதையும் மேற்பார்வையில்தான் செய்தேன்.

கோப்பையை மாமி உள்ளே கொண்டுபோனார். நாங்கள் வெளியே நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

"அம்மா, இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கோ."

அக்கா குழவியைக் கழுவிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் விடிய அப்படித்தான் கொண்டுவருவார். முதலில் எங்கள் மிளகு, பிறகு அவருடைய மிளகாய், கடைசியில் மணல் போட்டு ஒரு கழுவல். இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள் என்று ஒருநாளும் நாங்கள் கேட்கவில்லை. அவருடைய பழைய குசினியிலிருந்து வந்தது அது ஒன்றுதான்.

நன்றிக்கடனாக நான் சதுரங்க ராணியை அவருக்கு நீட்டினேன். வாங்கித் திருகினார். உள்ளங்கையில் விழுந்த துகள்களை உற்றுப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, மனம் நோகாமல் சொல்வதற்கு வார்த்தை தேடினார்.

"வடிவாத்தான் இருக்கு, தம்பி. பிள்ளை தவழேக்கை உருட்டி விளையாடட்டும்."

பிள்ளை தவழ்ந்தபோது அதைத்தான் உருட்டினான்.