ஸ்பேர் டயருக்கு வைத்த சந்தனம்

கருப்பையாவைக் கொன்றது நான்தான். ஊர் சொல்வதுபோல் அவன் அக்காள் புருஷன் மாரியப்பன் அல்ல. இதைச் சொல்ல எனக்கு இத்தனை காலம் வாய் வரவில்லை. நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது, அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது.

அப்போது மலை மேல் பண்ணைக்காட்டில் எனக்கு வாழைத்தார் மண்டி. சொந்தமாக ஒரு லாரி. மாரியப்பன் டிரைவர், அவன் மச்சினன் கருப்பையா கிளீனர். வத்தலக்குண்டுக்குத் தார் இறக்குவதுதான் இருவருக்கும் சோலி.

பாரம் கூட ஏற்ற வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. பழைய டயர்களைக் கழற்றிவிட்டு, ஆறு சக்கரத்துக்கும் பெரிய அளவில் புது டயர் போட்டேன். வண்டி நிமிர்ந்து நின்றது. மாரிக்கு ஒரே சந்தோஷம். ஆனாலும் அன்றைக்கே சொன்னான்.

"முதலாளி, பழைய ஸ்பேர் இனி ஆகாதுங்க. சின்னதும் பெருசுமாப் போட்டா வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இதே அளவுல நல்லதா ஒண்ணு பாருங்க. மலை இறக்கம் பாருங்க."

"பாக்குறேன்டா, நீ போ" என்றேன்.

பார்த்தேன்... எப்படிப் பார்த்தேன் தெரியுமா? சும்மா அடியில் தொங்கிக்கொண்டு வரப்போகிற சாமானுக்குப் புதுசு எதற்கு என்று பார்த்தேன். திண்டுக்கல்லில் பழைய டயர் விற்கிற ஒருவனிடம் அதே பெரிய அளவில் ஒன்று கிடைத்தது. மேலே ரோட்டில் படுகிற பட்டன் தேயவே இல்லை. ஆனால் பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிசல். உள்ளே துண்டு வைத்து ஒட்டியிருந்தார்கள். விற்றவனே சொன்னான், "டயர் போட்ட மாட்டு வண்டிக்கு ஆகுங்க, மலைக்கு வேணாம்" என்று. எனக்குக் காது கேட்டது, புத்திக்கு ஏறவில்லை. காயம் வண்டியின் உட்பக்கம் பார்க்கும்படி அதைச் சக்கரத்தில் ஏற்றச் சொன்னேன்.

இருந்தாலும் உருட்டும்போது கண்ணில் பட்டுவிடுமே! மாரியின் கண் லேசுப்பட்டதல்ல.

புது டயர் போட்டால் பூஜை போட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், சக்கரத்துக்குச் சந்தனம் குங்குமம். ஆறு சக்கரத்துக்கும் மாரி பொட்டு வைத்தான். ஸ்பேருக்கு அவன் வருவதற்குள் நான் கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். அந்தக் கிழிசல் மேல் சந்தனத்தைக் குழைத்து அப்பினேன். அதன் மேல் குங்குமம். கை கூசவில்லை.

"முதலாளி கையாலேயே வச்சுட்டாங்க, இனி நமக்கென்னடா கவலை" என்று மாரி மச்சினனின் முதுகில் தட்டினான். இரண்டு பேரும் அந்த டயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

கொஞ்ச காலம் ஒன்றும் நடக்கவில்லை. எனக்கும் அது மறந்தே போயிற்று. பிறகு ஒரு மழை நாளில் முன் சக்கரம் பஞ்சர் ஆகியிருக்கிறது. மூடுபனிக்குள் இரண்டு பேருமாக ஸ்பேரை மாட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். மூன்றாவது வளைவில் வண்டி ரோட்டை விட்டுப் போயிற்று.

பஸ்காரர் வந்து தகவல் சொல்ல, ஜீப்பில் ஓடினேன். காப்பிச் செடிகளுக்கு நடுவே லாரி ஒருச்சாய்ந்து கிடந்தது, சுற்றிலும் தார்கள். கருப்பையாவைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். மாரியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

நான் முதலில் எங்கே போனேன்? பிணத்திடமா? இல்லை... சக்கரத்திடம் போனேன். டயர் அந்தக் கிழிசலிலேயே வாய் பிளந்திருந்தது. சக்கரத்தின் நட்டுகளைத் தொட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் இறுகியிருந்தது. மாரி மழையிலும் ஒன்றைக்கூட விடாமல் முறுக்கியிருந்தான்.

யாரும் விசாரிக்க வருமுன் அந்தச் சக்கரத்தைக் கழற்றி எடுத்துவந்துவிட்டேன். டயர், செருப்பு அறுக்கிறவரிடம் போயிற்று. சக்கரம் கழன்று பள்ளத்தில் உருண்டுவிட்டதென்றே எல்லோரும் நினைத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் மாரி கண் விழித்ததும் நான் கேட்ட கேள்வியைச் சொல்லட்டுமா? அதுதான் என் பெரிய பாவம்.

"ஏலே மாரி, நட்டையெல்லாம் ஒழுங்கா முறுக்குனியாலே?"

"முறுக்குனேங்க" என்றான். கொஞ்சம் யோசித்தான். "மழைங்க... வெரசாப் போவணும்னு... முறுக்குனேன்னுதான் நெனைக்கிறேன்."

அந்த ஒரு சந்தேகம் போதும். மறுநாள் விசாரித்தவர்களிடம், "நாந்தாங்க, சரியா முறுக்காம விட்டுட்டேன்" என்று அவனே சொல்லிவிட்டான். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அதற்குப் பிறகு அவன் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. என் மண்டியில் காவலுக்கு வைத்துக்கொண்டேன். லாரியைத் தொலைத்தவனுக்கே சோறு போடுகிறாரே என்று ஊர் என்னைப் புகழ்ந்தது. அவன் மனைவி செல்லம்மாள் அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். தட்டை வைப்பாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவளுக்கு இருந்தது அந்த ஒரு தம்பிதான்.

பஜாரில் எந்த லாரி நின்றாலும் மாரி போய்க் குனிந்து நட்டுகளைத் தொட்டுப் பார்ப்பான். "என்ன மாரியண்ணே, டைட்டா கெடக்கா?" என்று டிரைவர்கள் சீண்டுவார்கள். அவனும் சிரித்தபடி அடுத்த சக்கரத்துக்குப் போவான். மண்டிக்குள் உட்கார்ந்து இதைப் பார்ப்பேன். எழுந்து போய் ஒரு வார்த்தை சொன்னால் அவன் நிமிர்ந்துவிடுவான். அவன் வீட்டிலும் பேச்சு திரும்பிவிடும். என் பேர்? என் மண்டி? அதை எண்ணி எண்ணியே உட்கார்ந்துவிட்டேன்.

நெஞ்சில் சளி கட்டி அவன் படுத்தபோது ஆள் அனுப்பினான். போனேன். செல்லம்மாள் கதவோரம் நின்றாள். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"முதலாளி, உங்க வண்டியப் போக்கிட்டேன். அந்தப் பயலையும் போக்கிட்டேன். அவன்கிட்ட கேக்க முடியாது. நீங்களாச்சும் மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதற்குத்தான் திறந்தேன்... செல்லம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சுட்டேன் மாரி" என்றேன்.

அவன் முகம் தெளிந்தது. மறுநாள் வெள்ளனே உயிர் போயிற்று.

செல்லம்மாள் அழுதுகொண்டே என்னிடம் சொன்னாள், "உங்களுக்குப் பெரிய மனசுங்க. எனக்குத்தான் மன்னிக்க மனசு வரல."

இன்றைக்கும் அவள் எனக்கு எதிர்ப்பட்டால் ஒதுங்கி நின்று கும்பிடுகிறாள். நானும் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டுப் போகிறேன்.