கூட வந்தவளின் நாற்காலி

பக்கவாதம் வந்தவர்களின் பேச்சை மீட்பது எப்படி என்று ஆராய்வதுதான் என் கணவருக்குத் திருவனந்தபுரத்தில் வேலை. அவருடைய அறையில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளிக்கு அவருக்கு நேர் எதிரே நாற்காலி. கூட வந்தவருக்கு நோயாளியின் முதுகுக்குப் பின்னால், சுவரோரமாக. "ராத்திரி தூக்கம் வருதா?" என்று கேட்டால் பின்னாலிருந்து மனைவியோ மகனோ முந்திக்கொள்வார்கள். "நான் அவர்ட்டதான் கேட்டேன்" என்பார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, பதில் வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பார். கட்டுரைகளில் எழுதியதும் மாணவர்களுக்கு ஓதியதும் இதையேதான். இந்தப் பொறுமையில் கால்வாசியை வீட்டிலும் காட்டியிருந்தால் நான் கொடுத்துவைத்தவள்.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்கே பக்கவாதம் வந்தது. புத்தி முழுசாக இருந்தது. சொற்கள் மட்டும் ஒவ்வொன்றாக, வெகுநேரம் கழித்து வந்தன.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருஷம், ஓய்வு பெற்ற ஆராய்ச்சியாளர்கள் மூன்று பேரைக் கௌரவிக்க தம்பானூர் பக்கம் ஓர் அரங்கில் விழா எடுத்தார்கள். அழைப்பு வந்ததிலிருந்து கண்ணாடி முன்னால் உட்கார்ந்து ஒரே வாக்கியத்தைப் பழகினார். "எனக்குக் கத்துக்குடுத்தது எங்கிட்ட வந்தவங்கதான்." அதை மேடையில் சொல்லிவிட வேண்டும். அவருக்கு வேறு ஆசையே இல்லை. எனக்கும்தான்.

மேடையில் அவரை ஒட்டி எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். விழாவை நடத்தியவள் அவருடைய பழைய மாணவி. நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்ததால் எல்லோருக்கும் டீச்சர்.

"டீச்சரே, சாரு சாய குடிக்குமோ?"

"சார்ட்ட கேளு மோளே."

சிரித்துக்கொண்டே டீக் கப்பை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

பொன்னாடை போர்த்தினார்கள். மற்ற இருவரும் பேசினார்கள். அதில் ஒருவர் லேசில் விடுவதாக இல்லை. பிறகு மைக் வந்தது, என்னிடம். "சாருக்கு வேண்டி டீச்சர் ரெண்டு வாக்கு பேசும்" என்றாள் அந்தப் பெண்.

நான் மைக்கை அவர் வாயருகே கொண்டுபோனேன். "எனக்கு" என்றார். உதடு அசைந்தது. அடுத்த சொல் வரவில்லை. வரும், நேரம்தான் ஆகும் என்று எனக்குத் தெரியும். முன்வரிசை முழுக்க அவரிடம் படித்தவர்கள், அவர்களுக்கும் தெரியும். ஆனால் அவர் தவிப்பதை யாருக்கும் பார்க்கப் பொறுக்கவில்லை. ஒருவர் கைதட்டினார். உடனே எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். மாணவி கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை வாங்கி நன்றியுரைக்குப் போய்விட்டாள். எல்லாம் பிரியத்தில் நடந்தது. திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. மரத்துப்போன கால் மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஆட்டோவில் பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். அப்போதும் ஒன்றும் வரவில்லை.

மறுநாள் காலையில் கண்ணாடியை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"வாங்க, பேசிப் பழகலாம்."

அவர் வந்து உட்காரவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்ல ஆரம்பித்திருக்கிறார் என்று தெரிந்தது. காத்திருந்தேன்.

"இனி… எங்கிட்ட… யாரு கேக்கப்போறா?"

ஒரு சொல்கூடக் குழறவில்லை.