குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் முதலில் அட்டைப் படத்தைத்தான் பார்த்திருப்பீர்கள். காக்கியும் தொப்பியுமாக அண்ணன் விறைப்பாக நிற்கிறார். படம் எடுத்தவர் இடுப்போடு வெட்டிவிட்டார். அண்ணன் இருந்திருந்தால், "காலை வுட்டுட்டானே, பாப்பா" என்று ஒரு வாரம் புலம்பியிருப்பார். படத்தில் விட்டுப்போன அந்தக் காலைப் பற்றித்தான் நான் எழுதப் போகிறேன். அவருடன் பிறந்தவள் நான் ஒருத்திதான். நான் எழுதாவிட்டால் இதை எழுத வேறு ஆள் இல்லை.

சிதம்பரத்துக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரில், நெல் விளைவிக்கும் குடும்பத்தில் அண்ணன் பிறந்தார். எனக்கு விவரம் தெரியும் முன்பே அம்மா போய்விட்டார். அண்ணனுக்குத் தீயணைப்புத் துறையில் வேலை கிடைத்ததைப் பார்த்துவிட்டு அப்பாவும் போய்விட்டார். அதன்பின் மாற்றலான ஊருக்கெல்லாம் அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு அலைந்தார். எனக்கு வரன் தேடினார், அமையவில்லை. "மொதல்ல பாப்பாவுக்கு ஆவட்டும்" என்று தன் கல்யாணத்தையும் தள்ளிப்போட்டார். அப்படியே இருவருக்கும் நரைத்துவிட்டது. 2004-இல் கடலூர் நிலையத்துக்கு மாற்றலாகி, திருப்பாதிரிப்புலியூரில் இப்போது நான் இருக்கும் இந்த மாடி வீட்டுக்கு வந்தோம்.

அடுத்த கோடையில் நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீடு தீப்பிடித்தது. உள்ளே போன அண்ணன், விழுந்து கிடந்த உத்தரத்தின் மேல் காலை வைத்துவிட்டார். அதில் நீட்டிக்கொண்டிருந்த ஆணி, அவர் போட்டிருந்த பழைய ரப்பர் பூட்ஸைத் துளைத்து வலது கால் பெருவிரலில் ஏறியது. புண் ஆற மாதக்கணக்காயிற்று. புண் ஆறினாலும் விரலுக்கு உணர்ச்சி திரும்பவில்லை. "இதே எடத்துல இன்னொரு காயம் பட்டா வெரலை எடுக்க வேண்டி வரும். ஆபீஸ் வேலை கேட்டு வாங்கிக்குங்க" என்றார் டாக்டர்.

அண்ணனுக்கு வந்ததே கோபம்! "போன் எடுத்து வெக்கறதுக்கா நான் வேலைக்குச் சேந்தேன்? நல்ல பூட்ஸா பாத்துப் போட்டுக்கறேன், போங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். நிலைய அலுவலரிடம் சொல்லி, சொந்தமாக பூட்ஸ் வாங்கிப் போட்டுக்கொள்ளச் சம்மதமும் வாங்கிவிட்டார்.

அப்போது பிடித்தது எனக்குச் சனி. மளிகைக் கடையில் பில் போடும் எனக்கு ஞாயிறு ஒருநாள்தான் ஓய்வு. அந்த ஞாயிறுகளெல்லாம் கடை கடையாக ஏறி இறங்குவதிலேயே போயின. அதுவும் சாயங்காலம்தான் கிளம்புவார். நாள் முழுக்க நின்ற கால் சாயங்காலம் வீங்கியிருக்குமாம். காலையில் அளவெடுத்து வாங்கினால் மாலையில் கடிக்குமாம். டூட்டிக்குப் போடும் தடித்த காலுறையைக் கையோடு கொண்டு வருவார். முதுநகர்ப் பக்கம், ஆலைத் தொழிலாளர்களுக்கு ஹெல்மெட்டும் கையுறையும் விற்கும் ஒரு கடை. அங்கே பூட்ஸைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, "இது ஒட்டின சோலா, தெச்ச சோலா?" என்று கேட்டார்.

"ஒட்டினதுதான் சார். சும்மா கல்லு மாதிரி இருக்கும்."

"சூட்டுல பசை இளகிடுச்சின்னா சோலு அங்கேயே நிக்கும், நான் மட்டும் வெளிய வருவேன். தெச்சதைக் குடுப்பா."

பக்கவாட்டில் ஜிப் வைத்ததைக் கடைக்காரர் எடுத்துக் காட்டினார். "மணி அடிச்ச நேரத்துல ஜிப்பு மாட்டிக்கிச்சின்னா யாரு காத்துனு இருப்பா?" என்று அதையும் ஒதுக்கினார். மேலே இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கக் காது வைத்த பூட்ஸ்தான் வேண்டும். விரலுக்கு மேல் இரும்பு மூடி வேண்டும், அடியில் ஆணி ஏறாத தகடு வேண்டும், சூட்டில் உருகாத ரப்பர் வேண்டும். அத்தனையும் இருந்து, ஏணி ஏறும்போது காலைக் கீழே இழுக்கிற கனமும் இருக்கக் கூடாது. உட்கார்ந்து எழுந்தார். முட்டி போட்டு நகர்ந்தார். கடையின் மாடிப்படியில் ஏறி ஏறி இறங்கினார். வந்திருந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

"பொண்ணு பாக்கப் போனாகூட இவ்ளோ நேரம் ஆவாது, அண்ணா."

"பொண்ணு புடிக்கலைன்னா அவ அப்பன் வூட்டுக்குப் போயிடுவா. பூட்ஸு புடிக்கலைன்னா நான் எங்க போறது?"

பேச்சில் அவரை ஜெயிக்க முடியாது. கடைசியாக என்னைக் கூப்பிட்டார். "பாப்பா, இங்க வா. நான் காலை முன்னாடி தள்ளிக்கறேன். பின்னாடி குதிகால்கிட்ட ஒன் வெரலு போவுதா பாரு." நான் தரையில் உட்கார்ந்து விரலை விட்டுப் பார்த்தேன். ஒரு விரல் போக வேண்டும். இரண்டு போனால் பூட்ஸ் கழலும். ஒன்றும் போகாவிட்டால் படியிறங்கும்போது பெருவிரல் இரும்பில் இடிக்கும். இடித்தாலும் அந்த விரலுக்குத் தெரியாது. பூட்ஸ் கடிக்கிறதா இல்லையா என்று என் விரல்தான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

"போவுதுண்ணா. ஒண்ணே ஒண்ணு."

"அப்ப இதான்" என்றார். பத்தாம் நம்பர்.

புது பூட்ஸ் காலுக்குப் பழக வேண்டும் என்று வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு நடந்தார். கீழ்வீட்டு அக்கா படியேறி வந்து, "மேல யானை கினை கட்டி வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். ஒவ்வொரு தீக்கும் போய் வந்த பிறகு கரியைக் கழுவி, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து, நிழலில் உலர்த்துவார். பூட்ஸின் இடம் வாசற்படிக்கு வெளியே, கதவுக்கு வலது பக்கம். அதன்பின் அவர் காலில் ஒரு கீறல்கூட விழவில்லை. படியில் அந்தக் கனத்த சத்தம் கேட்டதும் நான் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பேன். எங்கள் வீட்டில் அதுதான் கடிகாரம்.

சென்ற ஆண்டு அண்ணனுக்கு இதயம் பலவீனமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கால் இரண்டும் பானையாக வீங்கிவிட்டன. நான் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது, "இப்ப கடைக்குப் போனா என் சைஸே கெடைக்காது பாப்பா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் ஆடி வெள்ளி. விடிந்ததும் என் அண்ணன் போய்விட்டார்.

கருமக் காரியத்தைச் சிதம்பரத்தில் எங்கள் தாய்மாமா முன்னின்று நடத்தினார். தானம் கொடுக்கக் குடை, விசிறி, செம்பு, செருப்பு எல்லாம் வரிசையாக வைத்திருந்தார்கள். செருப்பு எதற்கு என்று சித்தப்பா மகன் கேட்டான். "போற வழியெல்லாம் சுடு மணல், கல்லு, முள்ளு. ஜீவன் அதுல நடந்துதான் ஆகணும். இங்கே குடுக்கறது அங்கே அவர் காலுக்குப் போய்ச் சேரும்" என்றார் ஐயர்.

நான் செருப்பைக் கையில் எடுத்துப் பார்த்தேன். எட்டாம் நம்பர். ஒட்டின சோல்.

"மாமா, இது அண்ணனுக்குப் பத்தாது."

"யாரும்மா போட்டுப் பாக்கப் போறாங்க?" என்றார் மாமா. மாமா இதைப் படித்து வருத்தப்பட வேண்டாம். நீங்கள் எதார்த்தமாகத்தான் கேட்டீர்கள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. வாழ்நாளெல்லாம் நெருப்பில் நடந்த மனிதர், கடைசியாகச் சுடு மணலில் நடக்கப் போகும்போது ஒட்டின சோலோடா போவார்? ஐயரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, அழுக்குச் சேலையோடு ஆட்டோ பிடித்து மேலவீதிச் செருப்புக் கடைக்குப் போனேன்.

தைத்த சோல், தடித்த ரப்பர் என்று கேட்டு, பதினொன்றாம் நம்பர் எடுக்கச் சொன்னேன். கால் வீங்கியல்லவா போனார்! "போட்டுக்கறவரைக் கூட்டினு வந்தா தேவலைம்மா" என்றார் கடைக்காரர். செருப்பில் என் காலை நுழைத்து, முன்னால் தள்ளிக்கொண்டு, குனிந்து குதிகாலுக்குப் பின்னால் விரலை வைத்துப் பார்த்தேன். நாலு விரலும் போயிற்று. அதற்கு மேலும் இடம் இருந்தது. கடைக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். அண்ணன் இல்லை என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது.

ஐயர் அந்தச் செருப்பை வாங்கிக்கொண்டு, "பெருசா இருக்கேம்மா" என்றார். "இருக்கட்டும் சாமி, அவருக்குச் சரியா இருக்கும்" என்றேன். அவரும் தலையை ஆட்டிக்கொண்டார்.

அண்ணனைத் தோளில் சுமந்த நிலையத்துத் தம்பிகளுக்கும், எல்லாச் செலவையும் தலைமேல் போட்டுக்கொண்ட மாமாவுக்கும், கொள்ளி வைத்த சித்தப்பா மகனுக்கும், அன்று வாடகையைப் பேசாமல் வெளியே காத்திருந்த ஆட்டோக்காரருக்கும் என் கைகூப்பு. சென்ற மார்கழியில் தானே புயலில் கதவு பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தபோது, மேலே ஏறி வந்து என்னோடு கதவைப் பிடித்துக்கொண்ட கீழ்வீட்டு அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. அன்று பூட்ஸை மட்டும் உள்ளே எடுத்து வைத்திருந்தேன். மழை ஓய்ந்ததும் பழையபடி வெளியே வைத்துவிட்டேன்.

அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. சிலிண்டர் கொண்டு வரும் புதுப் பையன் அதைப் பார்த்துவிட்டு, "சார் தூங்குறாரா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறான். நானும் ஆமாம் என்கிறேன். அதன் பக்கத்தில் என் செருப்பு ஒரு ஜோடி. ஒரு வருஷமாக வாசலில் அவ்வளவுதான்.

திதிக்கு எல்லோரும் வர வேண்டும். மழை வந்தால் நனையும் என்று யாரும் செருப்பைக் கீழேயே கழற்றிவிடாதீர்கள். மேலே ஏறி வந்து, அந்த பூட்ஸின் பக்கத்தில் கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள். படியில் சத்தம் கேட்டதும் தோசைக்கல்லை வைக்கிறேன்.